சாட் சர்வர் லாகின் எஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு ஒத்துப்போகவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பயனர் கணக்குகள் ஏற்கெனவே ஒரு மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதே பெயர், அதே பாஸ்வேர்டை வைத்து எக்ஸ்எம்பிபி (உடனடிச் செய்திக்கான திறந்த நெறிமுறை) சாட் சர்வருக்குள்ளும் நுழைய வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். எல்லாம் அமைத்து முடித்ததும் திரையில் வருவது பெரும்பாலும் "நாட் ஆதரைஸ்ட்" (அனுமதி இல்லை) என்ற ஒற்றைப் பதில். அதற்கு மேல் சர்வர் வாய் திறக்காது, திறக்கவும் கூடாது. அந்தப் பெயரில் ஆள் இல்லையா, பாஸ்வேர்டுதான் தவறா என்பது வெளியிலிருந்து துழாவுகிறவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. எனவே கிளையண்ட் திரையை எத்தனை முறை பார்த்தாலும் காரணம் கிடைக்காது. சர்வர் பக்கம்தான் தேட வேண்டும்.

தேடும்போது ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு தரவுத்தளத்தில் எந்த வடிவில் கிடக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் பயனர் எந்த வழியாக உள்ளே வரலாம் என்பது முடிவாகிறது. எஸ்கியூஎல் இணைப்புக் கோளாறுகள் லாக்கில் உரக்கச் சொல்லிவிடும். அவற்றை அரைமணியில் தீர்த்துவிடலாம். நாள் முழுக்க இழுத்தடிப்பது இந்த வடிவப் பொருத்தமின்மைதான்.

கீழே பெரும்பாலும் இஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரை வைத்தே சொல்கிறோம். ப்ரோசடி, ஓப்பன்ஃபயர் என்ற பிற எக்ஸ்எம்பிபி சர்வர்கள் வேறுபடும் இடங்களில் தனியாகக் குறிப்பிடுகிறோம். கான்ஃபிக் (சர்வரின் அமைப்புக் கோப்பு) பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். கோப்பில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொற்களுக்கு இடையே அடிக்கோட்டோடு இருக்கும்.

முதலில்: எந்த இடத்தில் அறுந்திருக்கிறது?

மூன்று சோதனைகள், இதே வரிசையில்.

ஒன்று: சாட் சர்வர் ஓடும் அதே கணினியில், அதே இயங்குதளப் பயனராக மாறி, கான்ஃபிக்கில் கொடுத்த அதே முகவரி, பெயர், பாஸ்வேர்டைக் கொண்டு தரவுத்தளத்துக்குள் கட்டளை வரியில் நுழைந்து பாருங்கள். உங்கள் மடிக்கணினியிலிருந்து நுழைய முடிகிறது என்பது எதையும் நிரூபிக்காது. கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனித்து ஓடும் பெட்டி போன்ற சூழல்) சர்வர் ஓடுகிறது என்றால் சோதனையும் கன்டெய்னருக்குள்ளிருந்துதான்.

இரண்டு: இஜாபர்டியின் நிர்வாகக் கட்டளையில் "செக் பாஸ்வேர்டு" என்று ஒன்று உண்டு. பயனர், ஹோஸ்ட் (சாட் முகவரியின் டொமைன்), பாஸ்வேர்டு மூன்றையும் கொடுத்தால், கிளையண்ட், டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்குவது), சாசல் (லாகின் முறையைத் தீர்மானிக்கும்) பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமல் நேராகச் சரிபார்க்கும். "மாட் அட்மின் எக்ஸ்ட்ரா" மாட்யூல் ஏற்றியிருக்க வேண்டும். திரையில் எதுவும் வராமல் போகலாம். வெளியேறும் குறியீட்டைப் பாருங்கள். 0 என்றால் பொருந்தியது, 1 என்றால் இல்லை. பாஸ்வேர்டில் டாலர் குறியோ ஆச்சரியக் குறியோ இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் இடுங்கள். இல்லையென்றால் ஷெல் அதைத் தின்றுவிட்டு வேறொன்றை அனுப்பும்.

மூன்று: லாக் மட்டத்தை மிக விரிவான "டீபக்" ஆக்கிவிட்டு ஒரு முறை கிளையண்டிலிருந்து முயலுங்கள். தோல்வி வரியிலேயே "ஸ்க்ராம்-ஷா-1" (பாஸ்வேர்டை அனுப்பாமலே நிரூபிப்பது) அல்லது "ப்ளெயின்" (பாஸ்வேர்டை அப்படியே அனுப்புவது) என்று எந்த முறையில் முயன்றது என்பது பதிவாகியிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சோதனை முடிந்ததும் மட்டத்தை உடனே இறக்கிவிடுங்கள். டீபக் லாக்கில் பயனர்களின் ரகசியங்கள் தங்கிவிட இடமுண்டு.

முதல் சோதனை தோற்றால் இணைப்புப் பிரச்சினை. முதலாவது வென்று இரண்டாவது தோற்றால் டேபிள் அல்லது வடிவம். இரண்டும் வென்று கிளையண்ட் மட்டும் தோற்றால் சாசல் முறை, அல்லது கிளையண்ட் அனுப்பும் பெயர்.

அறிகுறி: யாராலும் நுழைய முடியவில்லை, லாக்கில் தரவுத்தளப் பிழைகள்

பிழை எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். மைஎஸ்கியூஎல்லில் 1045 என்றால் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு. 1130 என்றால் அந்த முகவரியிலிருந்து வர அனுமதியே இல்லை. 1049 என்றால் தரவுத்தளத்தின் பெயர் தவறு. 1146 என்றால் டேபிள் இல்லை. 1142 என்றால் டேபிள் இருக்கிறது, படிக்க உரிமை இல்லை. போஸ்ட்கிரெஸில் 28பி01 பாஸ்வேர்டு தவறு, 3டி000 தரவுத்தளம் இல்லை, 42பி01 டேபிள் இல்லை, 42501 உரிமை இல்லை.

1045 வரும்போது எல்லோரும் பாஸ்வேர்டைத்தான் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது வேறு. மைஎஸ்கியூஎல் கணக்கு என்பது பெயர் மட்டும் அல்ல, பெயரும் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான். "லோக்கல்ஹோஸ்ட்" என்று உருவாக்கிய கணக்கு, 10.0.0.5 என்ற முகவரியிலிருந்து வரும் சர்வருக்குப் பொருந்தாது. கட்டளை வரியில் "லோக்கல்ஹோஸ்ட்" என்று கொடுத்தால் கிளையண்ட் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போய்விடும்; இஜாபர்டி இயல்பாகப் போவது டிசிபி வழியாக. ஆகவே சோதனையில் 127.0.0.1 என்று எண்ணாகக் கொடுங்கள். கன்டெய்னருக்குள் அந்த எண் கன்டெய்னரையே குறிக்கும், தரவுத்தளக் கணினியை அல்ல.

மைஎஸ்கியூஎல் 8.0-க்கு மாறியதும் நின்றுபோனதா? அந்தப் பதிப்பிலிருந்து புதுக் கணக்குகளுக்கு இயல்பான சரிபார்ப்பு "கேஷிங் ஷா2 பாஸ்வேர்டு". பழைய டிரைவர்களுக்கு அது புரியாது. பழைய "நேட்டிவ்" முறைக்கு அந்தக் கணக்கை மட்டும் திருப்பலாம் என்றாலும், 8.4-இல் அது இயல்பாக அணைக்கப்பட்டுவிட்டது, 9.0-இல் நீக்கப்பட்டேவிட்டது. சாட் சர்வரைப் புதுப்பிப்பதே நிலையான தீர்வு. போஸ்ட்கிரெஸிலும் இதே கதை: பதிப்பு 14 முதல் இயல்பான பாஸ்வேர்டு வடிவம் ஸ்க்ராம்-ஷா-256, அது தெரியாத பழைய டிரைவர் இணைப்பிலேயே விழும். இது தரவுத்தளக் கணக்குக்கான ஸ்க்ராம். சாட் பயனர்களின் ஸ்க்ராமோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்டை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். யாமெல் வடிவத்தில் இடைவெளிக்குப் பின் வரும் எண் குறி (#) கருத்துரையாகிவிடும். வெறும் எண்களாலான பாஸ்வேர்டு எண்ணாகவே படிக்கப்படும். டேப் எழுத்தை உள்தள்ளலுக்குப் பயன்படுத்தினால் கோப்பே ஏறாது.

1054, அல்லது போஸ்ட்கிரெஸில் 42703, அதாவது "அப்படி ஒரு புலம் இல்லை" என்று வந்து, அதில் "சர்வர் ஹோஸ்ட்" என்ற பெயர் இருந்தால் ஸ்கீமாதான் (டேபிள்களின் அமைப்பு) முரண்படுகிறது. இஜாபர்டிக்கு இரண்டு ஸ்கீமாக்கள் உண்டு. பழையதில் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் தனித் தரவுத்தளம். புதியதில் எல்லா ஹோஸ்டும் ஒரே டேபிளில், "சர்வர் ஹோஸ்ட்" புலத்தால் பிரிக்கப்பட்டு. "நியூ எஸ்கியூஎல் ஸ்கீமா" வரியும் நீங்கள் ஏற்றிய ஸ்கீமா கோப்பும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும்.

இன்னொரு எளிய தவறு: "டீஃபால்ட் டிபி" என்பதை எஸ்கியூஎல் என்று மாற்றிவிட்டு, லாகினும் அங்கே போய்விட்டதாக நினைப்பது. "ஆத் மெத்தட்" வரி வேறொன்றைச் சொன்னால் லாகின் அதன்படியே நடக்கும். லாகினுக்கு "ஆத் மெத்தட்" வரியை வெளிப்படையாக எழுதுங்கள்.

அறிகுறி: இணைப்பு சரி, டேபிளில் பயனரும் இருக்கிறார், ஆனாலும் எல்லோருக்கும் "நாட் ஆதரைஸ்ட்"

இதுதான் மூலக் கோளாறு. வலைத்தளம் உருவாக்கிய பயனர் டேபிளைக் காட்டி, அல்லது அதன் பாஸ்வேர்டு புலத்தை இஜாபர்டியின் "யூசர்ஸ்" டேபிளுக்கு நகலெடுத்து வைத்திருப்பார்கள். இஜாபர்டி அந்தப் புலத்தில் எதிர்பார்ப்பது இரண்டில் ஒன்று: அப்படியே எழுதிய பாஸ்வேர்டு, அல்லது ஸ்க்ராம் சாவிகள். அதில் பீகிரிப்ட் ஹேஷ் (மூலத்துக்குத் திருப்ப முடியாத ஒருவழிக் குறியீடு) கிடந்தால், அந்த அறுபது எழுத்துச் சரமே பாஸ்வேர்டு என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். அந்த ஹேஷையே கிளையண்டில் தட்டினால் உள்ளே விட்டுவிடும்! இதைச் சோதித்துப் பார்ப்பதே நல்ல உறுதிப்படுத்தல். அது வேலை செய்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. கையோடு அந்த அமைப்பை மூடியும் விடுங்கள். ஹேஷ் பட்டியல் கசிந்தால் அதுவே பாஸ்வேர்டு பட்டியல் என்ற நிலை அது.

புலத்தில் கிடப்பது என்ன என்று கண்டுபிடிக்க அதன் நீளத்தை அளந்தாலே போதும். ஒரு பயனரின் பாஸ்வேர்டு புல நீளத்தையும் முதல் நான்கு எழுத்துகளையும் மட்டும் கேளுங்கள். முழுவதையும் திரையில் கொட்ட வேண்டாம்.

60 எழுத்து, டாலர் குறியில் தொடங்கி 2 என்ற எண் வந்தால்: பீகிரிப்ட்.
32 பதினாறடிமான எழுத்து: எம்டி5. 40 என்றால் ஷா-1, 64 என்றால் ஷா-256, 128 என்றால் ஷா-512.
41 எழுத்து, நட்சத்திரக் குறியில் தொடங்கினால்: மைஎஸ்கியூஎல்லின் பழைய "பாஸ்வேர்டு" சார்பு. 8.0 பதிப்பில் அந்தச் சார்பே இல்லை.
28 எழுத்து, சமக் குறியில் முடிந்தால்: ஸ்க்ராம்-ஷா-1 சாவி. ஷா-1 தருவது 20 பைட். அதை எழுத்துகளாக்கும் பேஸ்64 வடிவில் அது 28.
44 எழுத்து, சமக் குறியில் முடிந்தால்: 32 பைட் உள்ள ஷா-256 சாவியாக இருக்கக்கூடும்.

நீளம் சரியாக 32 ஆகவோ 50 ஆகவோ இருந்து, தொடக்கம் மட்டும் பீகிரிப்ட் போல இருந்தால், புலத்தின் அகலம் போதாமல் ஹேஷ் வெட்டுப்பட்டிருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் ஸ்ட்ரிக்ட் முறை அணைந்திருந்தால் எச்சரிக்கையோடு வெட்டிச் சேமித்துவிடும். வெட்டிய ஹேஷை மீட்க வழியில்லை. பயனர்கள் புதுப் பாஸ்வேர்டு வைத்தே ஆக வேண்டும்.

பீகிரிப்டை ஏன் ஸ்க்ராமாக மாற்ற முடியாது என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. ஸ்க்ராமில் பாஸ்வேர்டு கம்பி வழியே போவதே இல்லை. கிளையண்ட் பாஸ்வேர்டிலிருந்து ஒரு கணக்கைப் போடுகிறது; அதே கணக்கில் முன்பே கிடைத்துச் சேமித்த சாவியைக் கொண்டு சர்வர் அந்த விடையைச் சரிபார்க்கிறது. அந்தக் கணக்கு பிபிகேடிஎஃப்2 என்ற சாவி உருவாக்கும் சார்பில் தொடங்குகிறது. பீகிரிப்ட் முற்றிலும் வேறு கணக்கு. அதன் விடையிலிருந்து மூலத்துக்கும் போக முடியாது, இந்த விடைக்கும் வர முடியாது. எம்டி5, ஷா-1 ஹேஷ்களுக்கும் இதேதான். ஆகவே கையில் ஒற்றை ஹேஷ் மட்டும் இருந்தால், கிளையண்ட் பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் ப்ளெயின் முறை ஒன்றே வழி. டிஎல்எஸ் கட்டாயம் என்று சர்வரில் நிர்ணயித்துவிட்டுத்தான் அதைத் திறக்க வேண்டும்.

அப்படியே எழுதிய பாஸ்வேர்டுகள் வைத்திருப்பவர்களுக்குப் பாதை எளிது. முதலில் பேக்கப். பிறகு "ஆத் பாஸ்வேர்டு ஃபார்மட்" வரியை ஸ்க்ராம் ஆக்கி, "கன்வர்ட் டு ஸ்க்ராம்" கட்டளையை ஹோஸ்ட் பெயரோடு ஓட்டுங்கள். திரும்பிவர முடியாத ஒருவழிப் பாதை இது. அதே புலத்தை வலைத்தளமும் படிக்கிறது என்றால், அந்த நிமிடமே வலைத்தள லாகின் நின்றுவிடும்.

பீகிரிப்ட் டேபிளை வெளி ஸ்கிரிப்ட் வழியாகச் சரிபார்ப்பது

"ஆத் மெத்தட்" வரியில் "எக்ஸ்டர்னல்" என்று கொடுத்தால், இஜாபர்டி ஒரு நிரலைத் துணைக்கு ஓட்டி, அதனிடம் கேட்கும். நிரல் தரவுத்தளத்திலிருந்து ஹேஷை எடுத்து ஒப்பிட்டு ஆம், இல்லை சொல்ல வேண்டும். பேச்சு முழுவதும் இயல்பு உள்ளீடு, இயல்பு வெளியீடு வழியே, பைட் கணக்கில்.

கேள்வியின் முதல் இரண்டு பைட், பின்னால் வரும் சரத்தின் நீளம். பெரிய பைட் முன்னால். சரம் 30 பைட் என்றால் 0, 30. அடுத்து "ஆத்" என்ற சொல், பயனர், ஹோஸ்ட், பாஸ்வேர்டு, இடையில் முக்காற்புள்ளிகள். பதில் எப்போதும் நான்கே பைட்: சரி என்றால் 0, 2, 0, 1. தவறு என்றால் 0, 2, 0, 0.

இதில் அதிகம் சறுக்கும் இடங்கள்:

பாஸ்வேர்டிலேயே முக்காற்புள்ளி இருந்தால், எல்லா முக்காற்புள்ளியிலும் உடைக்கும் ஸ்கிரிப்ட் பாஸ்வேர்டின் பாதியைத்தான் ஒப்பிடும். முதல் மூன்றில் மட்டும் உடைத்து, மிச்சம் முழுவதையும் பாஸ்வேர்டாக எடுங்கள். "சிலருக்கு மட்டும் வேலை செய்யவில்லை" என்ற புகாரில் இது நிச்சயம் ஒரு சந்தேக நபர்.

ஸ்கிரிப்டில் பிழை தேடுவதற்காக எழுதிய ஒரு சாதாரண பிரின்ட் வரி வெளியீட்டில் கலந்தால், அந்த எழுத்துகளை இஜாபர்டி பதிலின் நீளமாகப் படித்துவிடும். அதன் பிறகு எல்லாப் பதிலும் தடம் புரளும். பிஎச்பி எச்சரிக்கைகளும் இப்படித்தான் உள்ளே நுழைகின்றன. குறிப்புகளையெல்லாம் ஒரு கோப்புக்கோ பிழை வெளியீட்டுக்கோ திருப்பிவிடுங்கள்.

பதிலை எழுதியதும் பஃபரை ஃப்ளஷ் செய்யாவிட்டால் (உடனே வெளியே தள்ளாவிட்டால்), நான்கு பைட்டும் ஸ்கிரிப்டின் நினைவகத்திலேயே காத்திருக்கும். லாகின் சுற்றிக்கொண்டே இருந்து நேரம் முடிந்து விழுவதற்கு இதுவே முதல் காரணம்.

ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதும் முடிந்துவிடும் ஸ்கிரிப்டும் ஆகாது. அது சுழற்சியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி நாள் கணக்கில் ஓடும்போது அதன் தரவுத்தள இணைப்பு இடையில் அறுந்திருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் முன் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் புதிதாக இணையும்படி எழுதுங்கள்.

லாகின் ஆகிறது, ஆனால் ஆஃப்லைனில் இருப்பவர்களுக்கு அனுப்பும் செய்தி சேரவில்லை என்றால், ஸ்கிரிப்ட் "ஈஸ்யூசர்" என்ற கேள்விக்கு எப்போதும் இல்லை என்றே சொல்கிறதா என்று பாருங்கள். ஆள் இருக்கிறாரா என்று கேட்கும் கேள்வி அது. "ஆத்" கேள்வியை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது வழக்கம்.

சர்வர் இல்லாமலேயே ஸ்கிரிப்டைச் சோதிக்கலாம். பிரின்ட்எஃப் கட்டளையால் நீளமும் சரமும் சேர்த்து ஸ்கிரிப்டுக்குள் குழாய் வழியே விட்டு, வெளியீட்டைப் பைட்டுகளாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி போன்ற கருவியில் பாருங்கள். நான்கு பைட்டுக்கு மேல் ஒன்று வந்தாலும் தவறு. சர்வர் பயன்படுத்தும் அதே இயங்குதளப் பயனராக ஓட்டிப் பாருங்கள். ரூட்டாக ஓடி, சர்வரின் கீழ் அனுமதி இல்லாமல் விழும் ஸ்கிரிப்டுகள் ஏராளம்.

பீகிரிப்டின் எல்லையும் நினைவில் இருக்கட்டும்: அது 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. தமிழில் வைத்த பாஸ்வேர்டில் ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட், ஆக 24 குறிகளோடு முடிந்தது. நீளமானதைச் சில நூலகங்கள் சத்தமில்லாமல் வெட்டும், சில பிழை எறியும். வலைத்தளம் ஒரு வகை, ஸ்கிரிப்ட் மறு வகை என்றால் நீண்ட பாஸ்வேர்டுக்காரர்கள் மட்டும் வெளியே நிற்பார்கள்.

அறிகுறி: ஸ்க்ராம் சாவிகளை நாமே எழுதினோம், ப்ளெயினிலும் ஸ்க்ராமிலும் தோல்வி

வலைத்தளத்தில் பாஸ்வேர்டு மாற்றும் கணத்தில் மூலப் பாஸ்வேர்டு கையில் இருக்கும். அப்போதே பீகிரிப்டோடு ஸ்க்ராம் சாவிகளையும் கணக்கிட்டு "யூசர்ஸ்" டேபிளில் எழுதிவிடுவது, வெளி ஸ்கிரிப்டை விடப் பல மடங்கு நல்ல ஏற்பாடு. கணக்கு 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5802 என்ற இணையத் தர ஆவணத்தில் உள்ளது. பாஸ்வேர்டு, சால்ட் (கணக்கில் கலக்கும் தற்செயல் பைட்டுகள்), கணக்கை எத்தனை முறை திரும்பப் போடுவது என்ற சுழற்சி எண்ணிக்கை மூன்றையும் பிபிகேடிஎஃப்2-வில் கொடுத்து, சால்ட் கலந்த "உப்பிட்ட பாஸ்வேர்டை"ப் பெறுங்கள். அதைச் சாவியாக வைத்து "கிளையண்ட் கீ" என்ற சொற்களுக்கு எச்மேக் (சாவியோடு போடும் ஹேஷ்) போட்டு, விடையை ஒரு முறை ஹேஷ் செய்தால் சேமிப்புச் சாவி. அதே உப்பிட்ட பாஸ்வேர்டால் "சர்வர் கீ" என்ற சொற்களுக்கு எச்மேக் போட்டால் சர்வர் சாவி. இயல்பான ஷா-1 அமைப்பில் சேமிப்புச் சாவி பாஸ்வேர்டு புலத்தில், மற்றவை சர்வர் சாவி, சால்ட், சுழற்சி எண்ணிக்கை ஆகிய புலங்களில். சாவிகளும் சால்ட்டும் பேஸ்64 வடிவில்.

விடை பொருந்தவில்லை என்றால் கிட்டத்தட்ட எப்போதும் காரணம் பைட்டும் எழுத்தும் கலந்ததுதான். கணக்கில் போக வேண்டியது சால்ட்டின் மூலப் பைட். பலர் பேஸ்64 சரத்தையே கொடுத்துவிடுகிறார்கள். பிஎச்பியின் பிபிகேடிஎஃப்2 சார்பு, "மூல வெளியீடு" என்று கேட்காவிட்டால் பதினாறடிமானச் சரத்தைத் தரும். அப்போது நீளமாக 20 கேட்டால் கிடைப்பது 20 எழுத்து, அதாவது 10 பைட். அடுத்தடுத்த படிகள் எல்லாம் பிழையில்லாமல் ஓடி, தவறான சாவியைத் தரும். ஒவ்வொரு படியிலும் நீளத்தை அச்சிடுங்கள்: ஷா-1-க்கு எங்கும் 20 பைட்தான் இருக்க வேண்டும். சுழற்சி எண்ணிக்கை 4096-க்குக் குறைய வேண்டாம்.

ஆர்எஃப்சி 5802-இல் "யூசர்" என்ற பெயருக்கும் "பென்சில்" என்ற பாஸ்வேர்டுக்கும் முழு உரையாடல் எடுத்துக்காட்டாக உள்ளது. அதில் உள்ள சால்ட், 4096 சுழற்சி இரண்டையும் உங்கள் நிரலில் கொடுத்து, சர்வர் கையொப்பம் வரை கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அது பொருந்தும்வரை உண்மையான டேபிளைத் தொட வேண்டாம்.

அறிகுறி: ஒரு கிளையண்டில் வேலை செய்கிறது, இன்னொன்றில் இல்லை

லாக்கில் குறித்துவைத்த முறையின் பெயர் இங்கே உதவும். பழைய கிளையண்ட் டைஜெஸ்ட்-எம்டி5 கேட்கிறதா? 2011-லேயே வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்ட முறை அது. சாவிகள் ஸ்க்ராமாக இருந்தால் அதற்கு விடை சொல்லவே முடியாது. சர்வரின் "டிசேபிள் சாசல் மெக்கனிசம்ஸ்" வரியில் அதைச் சேருங்கள். வெளி ஸ்கிரிப்ட் அமைப்பில் கிளையண்ட் ப்ளெயினை மறுக்கிறது என்றால், டிஎல்எஸ் இல்லாமல் இணைகிறது அல்லது சான்றிதழ் பொருந்தவில்லை என்று பொருள். அங்கே சரிசெய்ய வேண்டியது டிஎல்எஸ்ஸை, கிளையண்டின் பிடிவாதத்தை அல்ல.

ஷா-1 சாவிகளைச் சேமித்துவிட்டுப் பின்னர் ஹேஷ் வகையை ஷா-256 என மாற்றினால், பழைய சாவிகள் தானாக மாறாது. பழையவர்கள் ப்ளெயினில் நுழைவார்கள், புது ஸ்க்ராமில் தோற்பார்கள். பாஸ்வேர்டு மாற்றினால்தான் புதுச் சாவி பிறக்கும்.

இடையில் டிஎல்எஸ்ஸைப் பிரித்து மீண்டும் குறியாக்கும் ப்ராக்ஸி இருந்து, "ப்ளஸ்" என்று முடியும் ஸ்க்ராம் முறைகள் மட்டும் தோற்றால், சேனல் பைண்டிங் (லாகினை அந்த டிஎல்எஸ் இணைப்போடு பிணைப்பது) மோதுகிறது. இரு முனையும் பார்ப்பது வெவ்வேறு டிஎல்எஸ் இணைப்பை. ப்ராக்ஸியை வெறும் டிசிபி கடத்தியாக மாற்றுங்கள்.

அறிகுறி: சில பயனர்களுக்கு மட்டும்

எக்ஸ்எம்பிபி முகவரியின் முன்பகுதி எப்போதும் சிறிய எழுத்தாக்கப்பட்டே தேடப்படும். டேபிளில் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கினால் போஸ்ட்கிரெஸ் அந்தப் பதிவைத் தராது. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான ஒப்பீடு பெரிது சிறிது பார்ப்பதில்லை என்பதால் அங்கே தப்பித்துவிடும். தரவுத்தளம் மாற்றிய அன்று வெளிப்படும். டேபிளிலேயே சிறிய எழுத்தாக்குங்கள். எஸ்கியூஎல் கேள்வியில் "லோயர்" சார்பு போட்டுச் சமாளித்தால் பெயர்ப் புலத்தின் இண்டெக்ஸ் பயன்படாமல், ஒவ்வொரு லாகினும் முழு டேபிளையும் புரட்டும்.

மின்னஞ்சல் முகவரியே பயனர்பெயராக இருக்கும் தளங்கள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும். முகவரியின் முன்பகுதியில் அட் குறி, இடைவெளி, மேற்கோள், சாய்கோடு, முக்காற்புள்ளி போன்றவை வர முடியாது. எக்ஸ்எம்பிபியின் விரிவாக்க ஆவணமான எக்ஸ்இபி-0106 சொல்லும் மாற்றுவழியில் அட் குறி, பின்சாய்கோடும் 40-மாக எழுதப்படும். அப்படி எழுதிய பெயரை மைஎஸ்கியூஎல்லில் கையால் சேர்த்தால் பின்சாய்கோட்டை அது விழுங்கிவிட்டு வெறும் 40-ஐச் சேமிக்கும். இரட்டைப் பின்சாய்கோடு கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 9.1 முதல் இந்தத் தொல்லை இயல்பாக இல்லை.

தமிழ்ப் பெயர்களில் ஒரு நுணுக்கம். "கொ" என்பதைக் ககரம் கூட்டல் ஒற்றை ஒகரக் குறியாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். சாட் சர்வர் பெயரை இயல்பாக்கி முதல் வடிவிலேயே தேடும். வலைத்தளம் இரண்டாவது வடிவில் சேமித்திருந்தால் பதிவு கிடைக்காமல் போகும். பைட் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள்: மைஎஸ்கியூஎல்லில் "லெங்த்" சார்பு பைட்டையும் "கேர் லெங்த்" எழுத்தையும் எண்ணும்; போஸ்ட்கிரெஸில் பைட்டுக்கு "ஆக்டெட் லெங்த்". பெயரைச் சேமிக்கும் முன் என்எஃப்சி (துண்டுகளைச் சேர்த்தெழுதும் யூனிகோடு) வடிவுக்கு மாற்றுவதே மருந்து. பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் இணைப்பின் எழுத்துத்தொகுதியைப் பாருங்கள். டேபிளும் இணைப்பும் இரண்டுமே யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும்.

மீதி இருப்பவை சில்லறை: பெயரின் கடைசியில் ஒட்டிய இடைவெளி, சிஎஸ்வி கோப்பிலிருந்து ஏற்றியபோது பாஸ்வேர்டின் வாலில் வந்த வரிமுடிவு. நீளம் எதிர்பார்த்ததை விட ஒன்று கூடுதலாக இருந்தால் இதுதான்.

அறிகுறி: பாஸ்வேர்டை மாற்றியும் பழையது செல்லுகிறது

இஜாபர்டி லாகின் விவரங்களைத் தற்காலிகமாக நினைவில் வைத்துக்கொள்ளும்; இயல்பாக ஒரு மணி நேரம். சர்வருக்குத் தெரியாமல் தரவுத்தளத்தில் நேரடியாக மாற்றினால் அந்த நேரம் கழியும்வரை பழையதே செல்லும். "கிளியர் கேஷ்" கட்டளையை ஓட்டுங்கள். வலைத்தளம்தான் எப்போதும் பாஸ்வேர்டை மாற்றும் என்றால் "ஆத் யூஸ் கேஷ்" வரியை அணைத்துவிடுங்கள். அதன் பிறகும் பழையது செல்கிறது என்றால் "ஆத் மெத்தட்" பட்டியலில் எஸ்கியூஎல்லோடு இஜாபர்டியின் உள்தரவுத்தளமான நீசியாவும் இருக்கிறதா பாருங்கள். பட்டியலில் உள்ளவை ஒவ்வொன்றாக முயலப்படும், ஏதாவது ஒன்று ஏற்றாலும் போதும். பழைய உள்கணக்கு அங்கே உயிரோடு இருக்கும்.

நீக்கப்பட்ட பயனர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் அது லாகின் கோளாறு அல்ல. ஏற்கெனவே திறந்த இணைப்பை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. "கிக் யூசர்" கட்டளையால் வெளியேற்ற வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை மூடும் நடைமுறையில் இந்தப் படியைக் கட்டாயம் சேருங்கள்.

அறிகுறி: ஓய்வுக்குப் பின் முதல் ஆளுக்கு மட்டும் தோல்வி, அல்லது கூட்டத்தில் திணறல்

மைஎஸ்கியூஎல் சும்மா இருக்கும் இணைப்பை 28800 வினாடி, அதாவது 8 மணி நேரத்தில் மூடிவிடும். இடையில் உள்ள ஃபயர்வால் இன்னும் முன்னதாகவே மூடலாம். இரவு முழுக்க யாரும் வராத சர்வரில் காலையில் முதலில் வருபவர்தான் செத்த இணைப்பில் மாட்டுகிறவர். "எஸ்கியூஎல் கீப்அலைவ் இன்டர்வல்" வரியில் அந்த எல்லைக்கு மிகக் கீழே, சில நிமிட இடைவெளி கொடுத்தால் தீரும்.

"டூ மெனி கனெக்ஷன்ஸ்" என்று வந்தால் பெருக்கிப் பாருங்கள். ஒரு ஹோஸ்டுக்கு இயல்பாக 10 இணைப்பு. தனித்தனித் தரவுத்தளத்தோடு 15 ஹோஸ்ட் என்றால் 150. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான எல்லை 151, போஸ்ட்கிரெஸில் 100, அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியவை. வலைத்தளத்துக்கு என்ன மிஞ்சும்? "எஸ்கியூஎல் பூல் சைஸ்" எண்ணைக் குறைப்பதே முதல் வேலை.

சர்வரை மறுதொடக்கம் செய்ததும் எல்லாக் கிளையண்டும் ஒரே நேரத்தில் திரும்ப வரும். ஸ்க்ராம் சாவிகள் இருந்தால் கனமான கணக்கைக் கிளையண்டே போட்டுக்கொள்ளும். சர்வருக்கு ஒப்பிடும் வேலை மட்டும். பீகிரிப்ட் ஸ்கிரிப்டில் முழுச் சுமையும் சர்வர் தலையில். அங்கே வெளி நிரல்களின் எண்ணிக்கையைச் சிபியு கோர்களின் எண்ணிக்கைக்கு ஒட்டி வையுங்கள். அதற்கு மேல் கூட்டினால் ஒவ்வொன்றும் மெதுவாகும்.

ப்ரோசடி, ஓப்பன்ஃபயரில்

ப்ரோசடியில் இரண்டு வேறு விஷயங்கள் ஒரே பெயரில் குழம்பும். எஸ்கியூஎல் சேமிப்பு என்பது ப்ரோசடியே தன் பெயரில் வைத்துக்கொள்ளும் டேபிள். உங்கள் பயனர் டேபிளை அது பார்க்காது. சமூக மாட்யூலான "ஆத் எஸ்கியூஎல்" வேறு: அது "ஆத்ரெக்" என்ற டேபிளில் யூசர்நேம், ரெல்ம், பாஸ்வேர்டு என்ற மூன்று புலங்களை எதிர்பார்க்கும். ரெல்ம் புலத்தில் உள்ளது விர்ச்சுவல் ஹோஸ்டின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். உங்கள் டேபிளை மாற்ற முடியாதென்றால் அதே பெயரில் ஒரு வியூ (டேபிள் போலத் தெரியும் சேமித்த வினவல்) உருவாக்கிக் காட்டலாம். மாட்யூல் ஏறவே இல்லை என்றால் லுவா மொழியின் டிபிஐ (தரவுத்தள இணைப்பு) நூலகம் இல்லை, அல்லது ப்ரோசடி ஓடும் லுவா பதிப்பு வேறு, நூலகம் நிறுவிய பதிப்பு வேறு.

ஓப்பன்ஃபயரின் ஜேடிபிசி (வெளித் தரவுத்தளத்தைப் படிக்கும் ஜாவா வழி) சரிபார்ப்பில் பாஸ்வேர்டு வகையைச் சொல்லும் பண்பு உண்டு. எம்டி5, ஷா வகைகளோடு பீகிரிப்டும் ஏற்கும். ஆனால் மாற்றிய கணமே நிர்வாகப் பக்கத்துக்கும் அதே டேபிள்தான். அந்த டேபிளில் உள்ள ஒருவரின் முகவரியை நிர்வாகிகள் பட்டியலில் முன்பே சேர்த்துவிட்டு, வேறொரு உலாவியில் அவர் உள்ளே நுழைவதைப் பார்த்த பிறகே பழைய அமர்விலிருந்து வெளியேறுங்கள். முந்திக்கொண்டு வெளியேறிவிட்டால், ஓப்பன்ஃபயரின் சொந்தத் தரவுத்தளத்தில் பண்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் டேபிளைத் திறந்து, சரிபார்ப்பு வகுப்பைக் குறிக்கும் பதிவைப் பழைய மதிப்புக்குக் கையால் திருப்பி, சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.